கெரோபினின் புது ஹேண்டில்பார்

கெரோபின் குடித்துவிட்டுத்தான் சிலுவையில் போய் மோதினான் என்று இனி யாராவது சொன்னால், அந்த ஆளை என் கடைக்குள் கால் வைக்க விடமாட்டேன். சொல்லிவிட்டேன். ஊற்றிக் கொடுத்தவள் நான். எத்தனை கிளாஸ் உள்ளே போனது என்று எனக்குத் தெரியுமா, தெருவில் போகிறவனுக்குத் தெரியுமா?

கடை என்றால் பெரிய கடை இல்லை. மாப்சாவிலிருந்து கொஞ்சம் தள்ளி, வாடோ என்று நாங்கள் சொல்கிற எங்கள் சின்னக் குடியிருப்பில், என் வீட்டு முன்னறையில் மேசையும் பெஞ்சும் போட்டு முந்திரிப்பழச் சாராயம், ஃபென்னி, விற்கிறேன். கோடை வந்தால் முதல் வடிப்பு உராக். புருஷன் செத்த பிறகு நான்தான் நடத்துகிறேன். எர்மெலிந்தா என்று கோயிலில் வைத்த பெயர், ஊருக்கு நான் எர்மெலின். எதிர் வீடு கெரோபினுடையது. அவனும் நானும் ஒன்றாகப் போய் வேதபாடம் படித்தவர்கள், அதனால் அவனுக்கு மரியாதை எல்லாம் கிடையாது.

கெரோபின் ஒரு பைலட். மஞ்சள் மட்கார்டு வைத்த மோட்டார் சைக்கிளில் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுகிற பைலட். மாப்சா சந்தை வாசலில் ஸ்டாண்ட். மீன்காரிகள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு இவன் பின்னால்தான் ஏறுவார்கள். பள்ளிக்கூட டீச்சர்கள் முறைப்படி முன்னால் நிற்கிற வண்டியை விட்டுவிட்டு, "கெரோபின் வரட்டும்" என்று நிற்பார்கள். மற்ற பைலட்டுகளுக்கு அதில் வயிற்றெரிச்சல் உண்டு. ஆனால் அவர்களே தங்கள் பெண்டாட்டியைப் பிரசவத்துக்கு அனுப்பும்போது இவனைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளம் வந்தால் பின்னால் இருப்பவருக்குத் தெரியாமல் இறக்கி ஏற்றுவான். அந்தப் பெயர் ஒன்றுதான் அவன் சம்பாதித்தது.

போன வருஷம் அவனுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. குனிந்து ஹேண்டிலைப் பிடித்தால் கழுத்துவரை இழுக்கிறது என்றான். இதை அவன் மகன் ஜாசிந்த் போனில் கேட்டுவிட்டான். ஜாசிந்த் கப்பலில் சமையல்காரன், உல்லாசக் கப்பல். லீவில் வந்தவன் பெட்டியைத் திறந்தால், சாக்லேட்டுக்கும் செண்டு பாட்டிலுக்கும் நடுவில், துண்டில் சுற்றி ஒரு ஹேண்டில்பார்! அமெரிக்காவில் ஏதோ துறைமுகத்தில் வாங்கினானாம். எருமைக் கொம்பு மாதிரி உயர்ந்து வளைந்து, முகம் பார்க்கலாம் போல மின்னியது. அவன் அம்மா பியெதாத்துக்குச் செண்டு. எனக்கு ஒரு சோப்பு. பரவாயில்லை, வாசனை சோப்புதான்.

"பாப்பா, இதுல நிமிர்ந்து உக்காந்து ஓட்டலாம். அங்கே கிழவனுங்க எல்லாம் இப்படித்தான் ஓட்டறானுங்க," என்றான் ஜாசிந்த்.

"யாருடா கிழவன்?" என்றான் கெரோபின். ஆனால் கை அதைத் தடவிக்கொண்டே இருந்தது.

அதை மாட்டியது புண்டலிக். மாப்சாவில் பைலட் வண்டி எதற்கும் அவன்தான் மெக்கானிக். பட்டறை என்பது பேக்கரி சுவருக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவே ஒரு சந்து. வண்டி நேராக உள்ளே போகும், அப்படியே பின்னால் வெளியே வரும். அன்றைக்கு நானும் சர்க்கரை வாங்கக் கெரோபின் பின்னால் போயிருந்தேன், வேறு வழியில்லாமல் அங்கே உட்கார்ந்து பார்த்தேன். பழைய ஹேண்டிலைக் கழற்றினான். கிளட்ச் லீவர், பிரேக் லீவர், கண்ணாடி எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றினான். புதியது ஒரு சாண் உயரம். அதனால் ஆக்சிலேட்டர் கேபிளும் முன் பிரேக்கின் ஆயில் ஹோஸும் வாழைநார் மாதிரி விறைத்துக்கொண்டு போய்த்தான் எட்டின.

புண்டலிக் தலையைச் சொறிந்தான். மரியாதையாகக் கூப்பிட்டால் எங்கள் பக்கம் 'பாத்ராவ்'தான், முதலாளி என்று அர்த்தம். "பாத்ராவ், நீளமான கேபிள் பணஜியிலேர்ந்து வரணும். திங்கக்கிழமை ஆகும். வண்டியை விட்டுட்டுப் போ."

"திங்கக்கிழமை வரைக்கும் ஜனங்களை நான் தோள்லயா தூக்கிட்டுப் போறது? இருக்கிறது எட்டுதா இல்லையா?"

"எட்டுது..."

"அப்ப மாட்டு."

பைலட் ஸ்டாண்டில் ஒரு நாள் இல்லாவிட்டால் அவன் வாடிக்கை இன்னொருத்தன் முதுகைப் பிடித்துக்கொள்ளும். அதனால் எந்தப் பைலட்டும் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வரமாட்டான். புண்டலிக்கும் அதற்குப் பழகிப்போனவன். மாட்டினான், ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தான், முறுக்கிப் பார்த்தான், "போ" என்றான். பியெதாத் கொடுத்தனுப்பிய ஜெபமாலையைக் கெரோபின் புது ஹேண்டிலில் சுற்றிக்கொண்டான். வரும்போது ராஜா மாதிரி வந்தான். பின்னால் சர்க்கரை மூட்டையோடு நான்.

என்னை இறக்கிவிட்டு அவன் வீட்டு கேட்டுக்குள் திரும்பினான். அந்தக் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோட்டிலிருந்து இடப்பக்கம் வெடுக்கென்று ஒடிக்க வேண்டும், ஒரு பக்கம் கிணற்றுச் சுவர். நடக்கிற வேகத்தில் முழு ஹேண்டிலையும் ஒடித்துத்தான் உள்ளே போக முடியும். உள்ளே போன கையோடு நேர் எதிரே, அவன் முற்றத்திலேயே, எங்கள் வாடோவின் சிலுவை, வெள்ளையடித்த மேடையோடு. மற்றவர்கள் எல்லாம் வண்டியை என் கடை முன்னால் போட்டுவிட்டு நடந்துதான் போவார்கள். இவன் ஒருத்தன்தான் வருஷக்கணக்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியே உள்ளே போகிறவன்.

அன்றைக்கு ஹேண்டிலை ஒடித்தான். வண்டி 'ங்ஙேஏஏ' என்று கத்திக்கொண்டு ஒரு தாவு தாவியது. நேரே சிலுவை மேடையில் இடி. மட்கார்டு மடங்கியது, முழங்கால் தோல் வழண்டது. மெழுகுவர்த்திகள் உருண்டு என் கடைவரை வந்தன.

"நான் முறுக்கலை," என்றான் கெரோபின். தரையில் உட்கார்ந்தபடியே சொன்னான். "ஏசுவே, நான் முறுக்கவே இல்லை."

பியெதாத் வெளியே ஓடி வந்தாள். அவளுக்கு முதலில் பயம், அப்புறம் கோபம், அந்த வரிசை மாறவே மாறாது. "நீ முறுக்காம, உன் மகன் அமெரிக்காவிலேர்ந்து முறுக்கினானா? ஏ மனுஷா, எத்தனை கிளாஸ்?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லையடி, காலையிலிருந்து டீதான் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்?

மறுநாள் ரோட்டில் வண்டி தங்கம். கேட்டுக்கு வந்தது, மறுபடி அதே கத்தல், அதே தாவல். பிரேக்கைப் பிடித்து எப்படியோ நிறுத்தினான். அதற்கடுத்த நாளும் அப்படியே. நான் பயந்துபோய் அவனுக்கு உராக் கொடுப்பதையே நிறுத்தினேன். பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான், அப்போதும் தாவியது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஊரெல்லாம் சுற்றுகிற வண்டிக்குத் தன் வீட்டு வாசலில் மட்டும் என்ன வந்தது?

ஸ்டாண்டில் இருந்த பைலட்டுகள் ஆளாளுக்கு வண்டியை எடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். கோயில்வரை போய் வந்தார்கள், சந்தையைச் சுற்றி வந்தார்கள். "ஒண்ணுமில்லை பாத்ராவ், பட்டு மாதிரி ஓடுது," என்றார்கள். புண்டலிக்கும் ஓட்டிப் பார்த்தான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் அவன் சொன்னதுதான் விஷமாக இறங்கியது.

"புது ஹேண்டில் அகலம் ஜாஸ்தி. நீ ஒடிக்கிறப்ப உன் மணிக்கட்டு தானா உருளுது, உனக்கே தெரியலை. வயசாகுது இல்ல?"

அவ்வளவுதான். வெறும் வாயை மென்ற எங்கள் வாடோவுக்கு அவல் கிடைத்துவிட்டது. ஒரு கட்சி என் உராக்தான் காரணம் என்றது. ஒரு கட்சி, கப்பல்காரன் கொண்டுவந்த பளபளப்பில் கண் பட்டுவிட்டது என்றது. அவர்கள் உப்பும் மிளகாயும் கொண்டுவந்து வண்டிக்குச் சுற்றி நெருப்பில் போட்டார்கள். எல்லாரும் இருமினோம், வண்டி மட்டும் இருமவில்லை. இன்னொரு கட்சி, சிலுவைக்கு இவன் ஏதோ நேர்ந்துகொண்டு மறந்துவிட்டான், அதுதான் இழுக்கிறது என்றது.

"என்ன நேர்ந்துக்கிட்டே? யோசிச்சுப் பாரு," என்று பியெதாத் அவனைக் குடைந்தாள்.

"ஒண்ணும் நேர்ந்துக்கலைடி."

"மறந்தது எப்படி ஞாபகம் இருக்கும்?"

அவன் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். கைகளை மேசைமேல் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"எர்மெலின், என் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது," என்றான். "ஒடிக்கிறப்ப விரலையெல்லாம் விரிச்சு வெச்சுக்கறேன். சத்தியமா விரிச்சுத்தான் வெச்சுக்கறேன். அப்படியும் வண்டி கத்துது. அப்ப நான் விரிச்சேன்னு நினைக்கிறதே பொய்தானே? நாளைக்குப் பின்னால ஒரு புள்ளைத்தாச்சியை வெச்சுக்கிட்டு..."

குழந்தையிலிருந்து பார்க்கிறேன், அந்த மனிதன் தன் கையைச் சந்தேகப்பட்டு நான் பார்த்ததே இல்லை. என்னவாவது சொல்லித் தேற்றலாம் என்றால் எனக்கே அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் எனக்குக் கோபம்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? செய்தி சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. மீன்காரிகள் வேறு வண்டியில் ஏறினார்கள். டீச்சர்கள் இவனைப் பார்த்ததும் பையில் எதையோ தேடினார்கள். இவனும் வரிசையில் தன் முறை வந்தால் பின்னால் நிற்பவனை "நீ போ" என்று அனுப்பினான்.

பியெதாத் ஒரு நாள் அவனைச் சிலுவைமுன் நிறுத்திச் சொல்லவைத்தாள்: இன்னொரு தடவை இங்கே வந்து இடித்தால் வண்டியை விற்றுவிட வேண்டும், பைலட் தொழிலையும் விட்டுவிட வேண்டும். சிலுவைமுன் சொன்னால் சொன்னதுதான், எங்கள் பக்கம் அதில் பேரம் கிடையாது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். புருஷன் உயிரோடு வீட்டில் கிடந்தால் போதும் என்று நினைத்தாள். வீட்டில் கிடந்தால் அவன் உயிரோடு இருப்பானா என்பது வேறு கேள்வி.

மே மாதம், லதாய்ன் நாள். வாடோ முழுக்கச் சிலுவைமுன் கூடி, மெழுகுவர்த்தி ஏற்றி, பிடிலோடு பிரார்த்தனை பாடிக்கொண்டிருந்தோம். அவித்த கடலைப் பானை தயார், ஃபென்னி என் செலவு. கெரோபின் தாமதமாக வந்தான். வெளியே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எல்லாரும் பார்க்கிறார்கள், தன் கை நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டிவிடலாம் என்ற வீம்பு. ஒடித்தான். வண்டி கத்தியது பாருங்கள், பிடில்காரர் பிடிலோடு கிணற்றுச் சுவரில் ஏறிவிட்டார்! ஜனம் சிதறியது, கடலைப் பானை கவிழ்ந்தது, வண்டி மேடையில் போய் முட்டி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கெரோபின் குனிந்து கடலையைப் பொறுக்க ஆரம்பித்தான். பியெதாத்தும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, உள்ளே போய்விட்டேன்.

வண்டியை வாங்க திவ்சோலியிலிருந்து ஒருத்தர் வந்தார். கெரோபின் கைகளைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு வாசல்படியில் நின்றான். அந்த நாட்களில் அவன் கையை வெளியே காட்டுவதே இல்லை. வந்தவர் முற்றத்தில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஸ்டார்ட் செய்துவிட்டு, பின்னால் குனிந்து புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மதிலோரம் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

"இருங்க, ஜெபமாலையைத் தர மாட்டேன்," என்று பியெதாத் ஓடி வந்தாள். அது கேபிள்களில் சிக்கிக்கொண்டு வரவில்லை. இரண்டு கையாலும் மாலையைப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் ஹேண்டிலை இடப்பக்கம் தள்ளினாள்.

வண்டி 'ங்ஙேஏஏ' என்று கத்தியது.

பியெதாத் அலறிக்கொண்டு விலகினாள். ஹேண்டில் தானே கொஞ்சம் திரும்பி வந்தது, சத்தமும் அடங்கியது. அவள் தன் கைகளைப் பார்த்தாள். மாலை இருந்தது. வேறு யார் கையும் அங்கே இல்லை. மறுபடி, ஒரே ஒரு விரலை நீட்டி, ஹேண்டில் நுனியை இடப்பக்கம் தள்ளினாள். கத்தியது. விட்டாள். அடங்கியது.

என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வாங்க வந்தவர் எழுந்து, "என்ன சத்தம்?" என்றார். அந்த ஒரு கணம் அவள் பேசாமல் நின்றாள், அதை நான் பார்த்தேன். வண்டி போனால் போகட்டும், அவன் வீட்டில் இருப்பான். என்ன நினைத்தாள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கும் தெரியாது.

பிறகு சாவியைத் திருப்பி வண்டியை அணைத்து, சாவியை உருவி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வண்டி விக்கலை. நீங்க போயிட்டு வாங்க," என்றாள். அப்புறம் வாசல்படியைப் பார்த்து, குரல் உடைந்து, "ஏ மனுஷா, நீ இல்லை. நீ இல்லவே இல்லை, இந்தச் சனியன்தான்!" என்று அழுதாள்.

கெரோபினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கத்திக் கத்திச் சொல்ல, அவன் முகம் இன்னும் குழம்பியது. கடைசியில் அவனையே பிடித்து இழுத்து வந்து, வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து, கையைப் பைக்குள் வைத்துக்கொண்டே இடுப்பால் ஹேண்டிலைத் தள்ளச் சொன்னோம். தள்ளினான். கேட்டான். அப்படியே சிலுவை மேடையில் உட்கார்ந்துவிட்டான்.

புண்டலிக் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். ஹேண்டில் உயர்ந்துவிட்டது, கேபிள் பழைய நீளம். முழுக்க இடப்பக்கம் ஒடித்தால் வலது கைப்பிடி முன்னால் போகிறது, கேபிள் இழுபடுகிறது, யாரும் முறுக்காமலே வண்டி ரேஸ் ஆகிறது.

"மாட்டினப்ப ஒடிச்சுப் பாத்தேனே," என்றான். "வலது பக்கம் ஒடிச்சேன். இடது பக்கம் பேக்கரிக்காரன் விறகு அடுக்கியிருந்தான், சக்கரம் திரும்பலை. ஒரு பக்கம் சரின்னா மறு பக்கமும் சரிதான்னு விட்டுட்டேன்."

"ரோட்டுல ஓட்டினவங்க அத்தனை பேருக்கும் ஏன் தெரியலை?" என்று நான் விடவில்லை.

"ரோட்டுல யாரு இடப்பக்கம் இவ்வளவு ஒடிக்கிறா? யூ டர்ன் எல்லாம் வலது பக்கம்தானே. இந்தக் கேட்டுக்குத்தான் இவ்வளவு வேணும்."

அவனுக்கு அழுகை வரும் போலிருந்தது, அதனால் அதற்கு மேல் திட்டவில்லை. பணஜியிலிருந்து நீளக் கேபிள் வந்தது. பிரேக் ஹோஸையும் மாற்றினான். பழைய ஹோஸ் நுனியில் இழுபட்டு வெடிப்பு விட்டிருந்ததைக் காட்டினபோது பியெதாத் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். இடித்தது வண்டி, மனுஷன் இல்லை, அதனால் சிலுவைமுன் சொன்னது அவனைக் கட்டாது என்று அவளே தீர்ப்பும் சொன்னாள். இந்த முறை வெட்டவெளியில் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒடித்துக் காட்டினான். வண்டி பூனைக்குட்டி மாதிரி முனகியது.

கதை முடிந்தது என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். மீன்காரிகள் திரும்பி வந்தார்கள், டீச்சர்கள் வந்தார்கள். ஆனால் தினமும் சாயங்காலம் கேட்டுக்கு வந்ததும் கெரோபின் வண்டியை அணைத்து, இறங்கி, தள்ளிக்கொண்டு உள்ளே போனான். "ஏன்டா தள்றே, அதான் சரியாயிடுச்சே," என்றால், "தோள் வலி" என்பான். தோள் வலிக்கிறவன் வண்டியைத் தள்ளுவானா? ஸ்டாண்டிலும் பேச்சில்லை. பின்னால் ஆள் ஏறினதும் ஒரு தடவை விரல்களை விரித்துப் பார்த்துக்கொள்கிறானாம், மற்ற பைலட்டுகள் சொன்னார்கள். கேபிளை மாற்றிவிடலாம். இதை எந்தப் பணஜியிலிருந்து வரவழைப்பது? மழைக்குள் இவன் தொழிலைத் தானாகவே விட்டுவிடுவான் என்று நினைத்தேன்.

பியெதாத்தும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒரு சாயங்காலம், அவன் கேட்டுக்கு வந்து காலை ஊன்றுகிற நேரம், கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நேராகப் போய்ச் சிலுவை மேடைக்கு முன்னால், வண்டி எப்போதும் பாய்கிற அந்த இடத்தில் நின்றாள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இறங்காதே. ஓட்டிக்கிட்டே வா."

"பியெதாத், அங்கேர்ந்து நகரு."

"நகர மாட்டேன்."

"விளையாடாதே. என் கை..."

"உன் கையில ஒண்ணும் இல்லை. இருக்குன்னு சொன்னவ நான். உன்னைச் சிலுவைமுன்னாடி நிறுத்திச் சொல்ல வெச்சவளும் நான். வா."

என் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நான் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தேன். கெரோபின் காலை எடுத்து மிதியில் வைத்து, ஹேண்டிலை இடப்பக்கம் கடைசிவரை ஒடித்தான். விரல்களை விரிக்கவில்லை, பிடித்தே இருந்தான். எஞ்சின் 'டுக்டுக்' என்று அதே சத்தத்தில் போனது. கிணற்றுச் சுவரைத் தாண்டினான், உள்ளே போனான். முன்சக்கரம் அவள் பாவாடை ஓரத்தைத் தொடுகிற தூரத்தில் நின்றது.

பியெதாத் ஓரடி பின்னால் போகவில்லை. ஆனால் அப்போதுதான் எல்லாரும் கவனித்தோம், அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு, உதடு துடிக்க ஏதோ ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

கெரோபின் வண்டியை அணைத்தான். ஹேண்டிலிலிருந்து கையை எடுத்து அவள் கன்னத்தில் வைத்தான்.

"கண்ணைத் திற," என்றான். "வந்துட்டேன்."